விசேர்ன் பங்கர்: வி-2 றொக்கற்றுக்காகக் குடைந்த குன்று

பாரிசிலிருந்து லண்டனுக்குக் காரில் போகிற எங்கட ஆக்களுக்கு ஏ-26 நெடுஞ்சாலை தண்ணீர் பட்ட பாடு. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு, கோயில் தேர் என்று வருசத்தில் ஒருக்காலாவது அந்த வழியால் போய்க் கலேயில் கப்பல் ஏறாத குடும்பங்கள் குறைவு. கலே வர இன்னும் 40 கிலோமீற்றர் அளவு இருக்கும்போது சென்-ஓமர் என்று ஒரு பலகை வரும். பின் சீற்றில் பிள்ளைகள் நித்திரை, முன் சீற்றில் கப்பலுக்கு நேரம் காணுமோ என்ற கதை. அந்தப் பலகையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்தப் பலகைக்கு வலம் இடமாக இரண்டு பெரிய பங்கர்கள் நிற்கின்றன. இரண்டும் லண்டனை அழிப்பதற்கென்றே நாசிகள் கட்டத் தொடங்கியவை. ஒன்று எப்பெர்லெக் காட்டுக்குள். மற்றது சென்-ஓமருக்குத் தெற்கே, விசேர்ன் என்ற ஊரில் ஒரு சுண்ணாம்புக்கல் குன்றுக்குள். இரண்டாவதை இப்போது லா கூப்போல் என்று அழைக்கிறார்கள். குவிமாடம் என்று அர்த்தம். நான் எழுத வந்தது அதைப்பற்றித்தான். ஆனால் முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவது விளங்காது.

அதற்கும் முதல் றொக்கற்றைப் பற்றி. ஏ-4 என்பது அதைச் செய்தவர்கள் வைத்த பெயர். வி-2 என்பது கோயபல்சின் பிரசார அமைச்சு பிறகு வைத்த பெயர். அந்த "வி" பழிவாங்கலைக் குறிக்கும் யேர்மன் சொல்லின் முதல் எழுத்து. 14 மீற்றர் உயரம், பன்னிரண்டரைத் தொன் நிறை, மூக்கில் ஏறத்தாழ ஒரு தொன் வெடிமருந்து. போல்டிக் கடற்கரையில் பேனமுண்டே என்ற இடத்தில் வேர்னர் பொன் பிரவுண் என்ற இளம் பொறியியலாளரும், வால்ட்டர் டோர்ன்பேர்கர் என்ற இராணுவ அதிகாரியும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1942 ஒக்ரோபர் 3 இல் முதல் தடவையாக ஒழுங்காகப் பறந்தது. ஏவினால் ஐந்து நிமிடத்தில் லண்டன். ஒலியை விட வேகமாக வருவதால் விழுந்து வெடித்த பிறகுதான் அது வந்த சத்தம் கேட்கும். பொம்மர் சத்தம் கேட்டு ஓடிப் பழகிய எங்களுக்கு இந்த ஒரு விசயமே போதும், அது எப்படியான ஆயுதம் என்று விளங்க.

அதற்கு எரிபொருள் மதுசாரமும் திரவ ஒட்சிசனும். மதுசாரம் உருளைக்கிழங்கிலிருந்து வடிப்பது. ஒரு றொக்கற்றுக்கு 30 தொன் கிழங்கு என்று கணக்குச் சொல்வார்கள், அதுவும் சனம் கூப்பனுக்கு வரிசையில் நின்ற நாட்டில். திரவ ஒட்சிசன் அதைவிடப் பெரிய தலையிடி. சைபருக்குக் கீழே 183 பாகையில் வைத்திருக்கவேண்டும். எவ்வளவு நல்ல தாங்கியில் ஊற்றினாலும் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். யேர்மனியில் செய்து ரயிலில் பிரான்சுக்குக் கொண்டுவந்தால் வழியிலேயே ஒரு பங்கு காற்றோடு போய்விடும். ஏவுகிற இடத்திலேயே ஒட்சிசன் செய்தால் என்ன? அதற்குத் தொழிற்சாலை வேண்டும். தொழிற்சாலை வெளியில் தெரிந்தால் குண்டு விழும். ஆகவே குண்டு துளைக்காத ஒரு பங்கருக்குள் தொழிற்சாலை, களஞ்சியம், றொக்கற்றை நிமிர்த்திப் பூட்டுகிற மண்டபம் எல்லாம் ஒன்றாக. பங்கர் யோசனை இப்படித்தான் வந்தது.

டோர்ன்பேர்கருக்கு இதில் விருப்பமில்லை. லொறிகளில் றொக்கற்றை ஏற்றிக்கொண்டு போய், காட்டோரம் நிறுத்தி, அடித்துவிட்டு இடம் மாறவேண்டும் என்பது அவருடைய கட்சி. ஹிட்லருக்கோ கொங்கிறீற் என்றால் உயிர். பெரிசாய், தடிப்பாய், அசையாமல் நிற்கவேண்டும். மேலே இருக்கிறவருக்கு எது பிடிக்குமோ அதுதான் கட்டப்படும்.

1943 மார்ச்சில் எப்பெர்லெக் காட்டில் வேலை தொடங்கியது. 1,20,000 கனமீற்றர் கொங்கிறீற் போடுவதாகத் திட்டம். வேலையை எடுத்து நடத்தியது ஓர்கனிசேசன் டொட் என்ற நாசிகளின் கட்டுமான அமைப்பு. வேலைசெய்தவர்களில் பெரும்பாலானோர் கட்டாயத்தின்பேரில் கொண்டுவரப்பட்டவர்கள்: பிரெஞ்சுக்காரர், பெல்ஜியக்காரர், ஒல்லாந்தர், போலந்துக்காரர், சோவியத் கைதிகள். 1943 பெப்ரவரியில்தான் பிரான்சில் கட்டாய வேலைச் சட்டம் வந்திருந்தது. வயது வந்த பொடியன்களுக்கு வீட்டுக்குக் கடிதம் வரும், போகாவிட்டால் ஒளித்துத் திரியவேண்டும். அந்த இடத்தில் மாறி மாறி வேலைசெய்தவர்களின் தொகை 35,000 க்கு மேல் என்று அங்குள்ள அருங்காட்சியகம் சொல்கிறது.

பிரித்தானியர் வானத்திலிருந்து எடுத்த படங்களில் காட்டுக்குள் பெரிய குழியையும் ரயில் பாதையையும் கண்டார்கள். என்ன கட்டுகிறார்கள் என்று சரியாகத் தெரியாது. தெரியாவிட்டாலும் அடிக்கவேண்டும் என்று மட்டும் முடிவெடுத்தார்கள். எப்போது அடிப்பது? பெரிய கட்டட ஒப்பந்தக்காரரான சேர் மல்கம் மக்அல்பைனிடம் கேட்டபோது, கொங்கிறீற் இறுகமுதல் அடியுங்கள் என்று ஆலோசனை வந்தது. கட்டத் தெரிந்தவனுக்குத்தான் எப்போது உடைக்கலாம் என்பதும் தெரியும். 1943 ஓகஸ்ட் 27 இல் அமெரிக்காவின் பி-17 விமானங்கள் 180 க்கு மேல் வந்து கொட்டின. ஈரக் கொங்கிறீற்றும் கம்பியும் பலகையும் சேர்ந்து குழம்பி, அந்தக் கோலத்திலேயே இறுகிவிட்டது. வடக்குப் பக்கத்தில் இன்றைக்கும் அந்தக் கோணல்மாணலான குவியலைப் பார்க்கலாம். அன்றைக்கு அங்கே வேலையில் நின்றவர்களிலும் பலர் செத்தார்கள். அவர்கள் தாங்களாக விரும்பி அங்கே நிற்கவில்லை.

இனித்தான் விசேர்ன்.

எப்பெர்லெக் அடிபட்டு ஒரு மாதம் கழிய, 1943 செப்டெம்பர் கடைசியில், டொட் அமைப்பின் பொறியியலாளர்கள் ஹிட்லரிடம் ஒரு புதுத் திட்டத்தோடு போனார்கள். முன்னுக்கு நின்றவர் சேவர் டோர்ஷ். வெட்டவெளியில் கட்டினால் கொங்கிறீற் இறுகமுதல் அடிக்கிறான்கள். ஆகவே முதலில் கூரையைப் போடுவோம், பிறகு கூரைக்குக் கீழே மெல்ல மெல்லக் குடைவோம் என்பதுதான் திட்டம். விசேர்னில் பழைய சுண்ணாம்புக்கல் அகழிடம் ஒன்று இருந்தது. சென்-ஓமரிலிருந்து போகிற ரயில் பாதை அதன் ஓரத்தால் ஓடியது. குன்றின் உச்சியில், நிலத்தையே அச்சுப்பலகையாக வைத்து, குவிந்த வடிவில் செதுக்கி, அதன்மேல் கொங்கிறீற்றை ஊற்றினார்கள். எங்கட ஊரில் மண்ணைக் குவித்து அதற்குமேல் களிமண்ணைப் பூசிச் சட்டி வனைந்து, காய்ந்த பிறகு உள்மண்ணைத் தோண்டி எடுத்தால் எப்படி இருக்குமோ, அப்படி. இந்தச் "சட்டி" 71 மீற்றர் அகலம், 5 மீற்றர் தடிப்பு, 55,000 தொன் நிறை.

மூடி கவிழ்த்த பிறகு அதன் கீழே எண்கோண வடிவில் ஒரு மண்டபம் குடையத் தொடங்கினார்கள். 40 மீற்றர் அகலமும் 30 மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் வரவேண்டும். றொக்கற்றுகளை ரயிலில் கிடையாகக் கொண்டுவந்து, இந்த மண்டபத்தில் நிமிர்த்தி, எரிபொருள் நிரப்பி, இரண்டு பெரிய வாயில்களால் நின்றபடியே வெளியில் தள்ளி ஏவுவது என்று ஏற்பாடு. அந்த இரண்டு பாதைகளுக்கும் குஸ்ராவ், கிரெற்சன் என்று பெயர். ரயில் வருகிற பெரிய சுரங்கத்துக்கு ஈடா. பிறந்த பிள்ளைக்கு வைக்கிற பெயர்கள்! ஒரு நாளைக்கு 40, 50 என்று லண்டனுக்கு அனுப்பக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

வேலை இரவு பகலாக நடந்தது. ஒரு நேரத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் நின்றார்கள். எப்பெர்லெக்கைப் போலன்றி இங்கே யேர்மன்காரரும் கனபேர், சுரங்கம் வெட்டத் தெரிந்த நிலக்கரித் தொழிலாளர் உட்பட. மிச்சம் பிரெஞ்சுக்காரரும் சோவியத் கைதிகளும். யார் எந்த வேலை செய்தார்கள், யாருக்கு என்ன சாப்பாடு கிடைத்தது என்பதில் சமத்துவம் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

நான் அங்கே போனது ஒரு தெரிந்தவர் குடும்பத்தோடு. உள்ளே போகிற வழி அந்த ஈடா சுரங்கம்தான். வெளியில் நல்ல வெயில். உள்ளே நுழைந்து பத்து அடி வைக்க முதலே குளிர் எலும்பில் ஏறியது. கோடையில் போனாலும் சுவெற்றர் கொண்டு போங்கோ. சுண்ணாம்புச் சுவரில் ஈரம் கசிகிறது, பக்கவாட்டில் முடிக்காத கிளைச் சுரங்கங்கள் இருட்டுக்குள் போகின்றன. பிறகு மின்தூக்கியில் மேலே போனால் குவிமாடத்தின் அடிவயிறு. என்னோடு வந்தவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன இருந்தாலும் யேர்மன்காரன்ர மூளை மூளைதான் அண்ணை" என்றார். அவருடைய மூத்த பொடியன் றொக்கற் பைத்தியம். வி-2 மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதுதானே அப்பா சந்திரனுக்குப் போனதின்ர தகப்பன்?" என்று கேட்டான். பொடியன் சொன்னது சரிதான். தகப்பன் சொன்னதுதான் எனக்குத் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்தியது.

ஏனென்றால் நாங்கள் பங்கர் வெட்டின சனம். 1990 இல் பொம்மர்கள் வரத் தொடங்கினபோது வளவுக்குள் "ட" வடிவில் வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டு மூடினோம். அளவு தெரிந்தவர் ஒருவர் கரையில் நின்று சொல்லுவார், வெட்டினது நாங்கள். மழைக்கு வெள்ளம் நிற்கும், பாம்பு வரும். ஆனாலும் அதை எங்கட உயிருக்காக வெட்டினோம். இன்னொருவனுக்காக, இன்னொரு நகரத்தை அழிக்கிற சாமானுக்காக, துவக்குமுனையில் நின்று வெட்டுகிறவனுக்கு மண்வெட்டி எவ்வளவு பாரமாக இருந்திருக்கும்? மூளையைப் பற்றிக் கதைக்கிறவர்கள் கையைப் பற்றியும் கொஞ்சம் கதைக்கவேண்டும். இதை நான் அவரிடமும் சொன்னேன். அவர் கோவிக்கவில்லை. "அப்ப உங்கட பக்கத்தில எழுதுங்கோவன்" என்றார். எழுதுகிறேன்.

1944 மார்ச்சிலிருந்து விசேர்னுக்குக் குண்டு விழத் தொடங்கியது. ஜூலைக்குள் 16 தடவைகள், 4000 தொன்னுக்கு மேல். குவிமாடம் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அபாயச் சங்கு ஊத வேலை நிற்கும், பாதை உடையும், திரும்பப் போடவேண்டும். குறி தவறிய குண்டுகள் அயல் ஊர்களான விசேர்னிலும் எல்ஃபோவிலும் விழுந்தன. தங்களை மீட்க வருகிறவர்களின் குண்டுக்குத் தங்கள் வீடுகளைக் கொடுத்த சனம் அது. அவர்களைப் பற்றிப் போர் வரலாற்றுப் புத்தகங்களில் அரைவரிக்கு மேல் இருக்காது.

கடைசியில் ஆளைச் சாய்த்தது டோல்போய் என்ற குண்டு. பிரித்தானியப் பொறியியலாளர் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்தது, 5.4 தொன். மேலே விழுந்து வெடிக்காது. உயரத்திலிருந்து ஒலியை விட வேகமாக வந்து, நிலத்துக்குள் ஆழமாகப் புகுந்து பிறகுதான் வெடிக்கும். உள்ளே நிலநடுக்கம் மாதிரி. 1944 ஜூலை 17 இல் 617 ஆவது விமானப்பிரிவு இவற்றைக் கொண்டுவந்து போட்டது. ஒன்று குவிமாடத்தின் விளிம்புக்குக் கீழே வெடித்தது, ஒன்று சுரங்க வாயிலடியில், இன்னொன்று பக்கத்தில். அகழிடத்தின் சரிவு இடிந்து வாயில்களை மூடியது. 55,000 தொன் தொப்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, தொப்பி போட்ட தலைதான் ஆடிப்போனது. அந்த மாதக் கடைசியோடு வேலையைக் கைவிட்டார்கள். செப்டெம்பர் தொடக்கத்தில் நேசப்படைகள் வந்தபோது முடிக்காத மண்டபம் மட்டும் இருந்தது. அங்கிருந்து ஒரு றொக்கற்றும் ஏவப்படவில்லை.

இடையில் ஒரு சின்னக் கதை. இதே கரையில் மிமொயெக் என்ற இடத்தில் வி-3 என்ற நீள்குழல் பீரங்கிக்காக இன்னொரு குன்றைக் குடைந்திருந்தார்கள். அதைத் தகர்க்க, வெடிமருந்தை நிரப்பிய விமானத்தை ஆளில்லாமல் கொண்டுபோய் மோத வைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. மேலெழுப்பிவிட்டுக் குதிக்கவேண்டிய இருவர் இங்கிலாந்துக்கு மேலேயே வெடித்துச் செத்தார்கள். 1944 ஓகஸ்ட் 12. இருவரில் ஒருவர் ஜோசப் கென்னடி, பிறகு அமெரிக்க அதிபரான ஜோன் கென்னடியின் தமையன். மிமொயெக் அதற்கு முதலே டோல்போய்களால் செயலிழந்துவிட்டிருந்தது என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது.

டோர்ன்பேர்கரின் லொறி யோசனைதான் வென்றது. 1944 செப்டெம்பர் 8 இல் முதல் வி-2 பாரிசின் புறநகரான மேசோன்-அல்போரில் விழுந்தது. ஆறு பேர் செத்தார்கள். எங்கட ஆக்களும் நிறைய இருக்கிற பக்கம்தான் அது. அன்று பின்னேரமே ஹேக் நகரப் பக்கத்திலிருந்து ஏவியது லண்டன் சிசிக்கில் விழுந்து மூன்று பேரைக் கொன்றது. எரிவாயுக் குழாய் வெடித்துவிட்டது என்ற கதையோடு அரசாங்கம் இரண்டு மாதம் ஓட்டியது. நவம்பர் 10 இல்தான் சேர்ச்சில் பாராளுமன்றத்தில் உண்மையைச் சொன்னார். நவம்பர் 25 சனிக்கிழமை நியூ குறொசில் வூல்வேர்த் கடையில் விழுந்தபோது 168 பேர். டிசெம்பர் 16 இல் அன்ற்வேர்ப்பன் றெக்ஸ் திரையரங்கில் படம் ஓடிக்கொண்டிருக்க விழுந்தது: 567 பேர். வி-2 இனால் பிரித்தானியாவில் செத்தவர்கள் 2700 க்கு மேல். 1945 மார்ச் 27 உடன் நின்றது.

ஆனால் இந்த றொக்கற் அதிகமாகக் கொன்றது லண்டனிலும் இல்லை, அன்ற்வேர்ப்பனிலும் இல்லை. 1943 ஓகஸ்ட் 17 இரவு பிரித்தானியர் பேனமுண்டேயை அடித்த பிறகு, உற்பத்தியை நிலத்துக்கு அடியில் கொண்டுபோக முடிவாகியது. யேர்மனியின் நடுப்பகுதியில் நோர்ட்கவுசன் அருகே ஒரு மலைக்குள் மிற்றல்வேர்க் தொழிற்சாலை. அதற்கு ஆள் கொடுக்க டோரா என்ற வதைமுகாம். புகன்வால்ட்டிலிருந்து முதல் தொகுதி கைதிகள் அங்கே வந்தது 1943 ஓகஸ்ட் 28 இல். எப்பெர்லெக்கில் ஈரக் கொங்கிறீற் சிதறியதற்கு அடுத்த நாள். முதல் மாதங்களில் கைதிகள் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே படுத்தார்கள், வெடி வைத்த தூசிக்குள், குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் இல்லாமல், சூரியனைக் காணாமல். முதல் குளிர்காலத்திலேயே ஏறத்தாழ 3000 பேர் செத்தார்கள். சதிவேலை என்று சந்தேகப்பட்டால் சுரங்கத்துப் பாரந்தூக்கியிலேயே வரிசையாகக் கட்டித் தூக்கினார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு கீழே வேலை செய்யவேண்டும். டோராவுக்கும் அதன் கிளை முகாம்களுக்கும் கொண்டுபோன 60,000 பேரில் மூன்றிலொரு பங்கு, 20,000 பேர், திரும்பவில்லை.

பொன் பிரவுண் இந்தச் சுரங்கத்துக்குப் போய் வந்தவர், எஸ்.எஸ். அமைப்பில் அதிகாரித் தரம் வைத்திருந்தவர். 1945 மே மாதம் அமெரிக்கரிடம் சரணடைந்தார். கூட்டாளிகளோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். எங்களில் எத்தனை பேர் அகதி விசாரணையில் "அந்த இயக்கத்துக்குச் சோறு கொடுத்தாயா" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடியாமல் வருசக்கணக்கில் அலைந்தோம்! அவருக்கு அந்தக் கரைச்சல் இருக்கவில்லை. 1969 இல் சந்திரனுக்கு ஆளைக் கொண்டுபோன சற்றேண்-5 அவர் தலைமையில் உருவானது. 1977 இல் மதிப்போடு செத்தார். சற்றேண்-5 திட்டத்தின் முகாமையாளராக இருந்த ஆர்தர் ருடோல்ஃப், போர்க்காலத்தில் மிற்றல்வேர்க்கில் வி-2 உற்பத்திக்குப் பொறுப்பாக இருந்தவர். அமெரிக்க நீதித்துறை கிளறத் தொடங்கியதும், 1984 இல் குடியுரிமையைக் கைவிட்டு யேர்மனிக்குத் திரும்பினார். சந்திரனில் கால் வைத்து 15 வருசம் கழித்துத்தான் கேள்வி வந்தது.

விசேர்ன் குன்று அரை நூற்றாண்டு புதர் மண்டிக் கிடந்தது. 1997 இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 2012 இல் பக்கத்தில் ஒரு கோளரங்கமும் வந்தது. நாங்கள் போன அன்று அதற்குத்தான் நீண்ட வரிசை. பொடியனும் அங்கேதான் நிற்கவேண்டும் என்று அடம்பிடித்தான், நின்றோம். நட்சத்திரங்களை நல்லாய்த்தான் காட்டினார்கள்.

அங்குள்ள வரலாற்று மையம் இன்னொரு வேலையும் செய்தது. பிரான்சிலிருந்து டோராவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஏறத்தாழ 9000 பேரை ஒவ்வொருவராகத் தேடி, ஆளுக்கொரு வாழ்க்கைக் குறிப்பு எழுதி, 2020 இல் ஒரே தடித்த புத்தகமாக வெளியிட்டார்கள். எழுதியவர்களில் பலர் சம்பளத்துக்கு வேலைசெய்த ஆய்வாளர்கள் அல்ல, ஊர்ச்சனம், ஆசிரியர்கள், செத்தவர்களின் பேரப்பிள்ளைகள். பெயர்கள் அகரவரிசையில் போகின்றன. பொறியியலாளர்களின் பெயர்களை இந்தக் கட்டுரையில் நான் எழுதிவிட்டேன். அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்த 9000 பெயர்களும் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன.